ஐம்பத்தெட்டுக் கிலோ

"சட்டையக் கழட்டிட்டு ஏறுலே," என்றாள் சூசைராஜின் அம்மா.

கோவில்பட்டி ஸ்டேஷன் பார்சல் ஆபீஸ். பருத்திப் பொதியும் மிளகாய் வத்தல் மூட்டையும் நிறுக்கிற தராசு மேடைமேல் பதினேழு வயதுப் பையன் வெற்று மேலோடு ஏறி நின்றான்.

அறுபத்து நாலாம் வருஷம், பொங்கல் கழிந்த சனிக்கிழமை. மதுரை போகும் வண்டிக்கு இன்னும் அரைமணி நேரம் இருந்தது.

பார்சல் கிளார்க் வேல்சாமி இரும்புத் தண்டில் எடைக்குண்டை மெல்ல நகர்த்தினார். இதோடு ஏழு சனிக்கிழமை அவனை நிறுத்துவிட்டார்.

முதல் சனிக்கிழமை அறுபத்து மூன்று கிலோ இருந்தான். ராணுவ அகாடமிக்குப் பரீட்சை எழுதி, நேர்முகத்திலும் தேறி, கடைசியில் பெங்களூர் டாக்டர்கள் முன்னால் நின்றபோது, உடம்பில் கொழுப்பு அதிகம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆறு வாரம் கழித்து இன்னும் ஒரே ஒரு தடவை வரலாம். அவன் உயரத்துக்கு ஐம்பத்தெட்டுக்கு மேல் கூடாது.

டாக்டர் சீட்டில் பவுண்டில் எழுதியிருந்ததைக் கிலோவாக்கிச் சொன்னதே வேல்சாமிதான்.

மழை பொய்த்துக் கிடந்த கரிசல் காட்டில், சதை போட்டதற்காக ஒருத்தன் திரும்பி வந்தான் என்பதை ஊர் நம்பவே இல்லை.

வேல்சாமிக்கு அதைவிட அந்த அம்மாதான் பெரிய ஆச்சரியம்.

தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்குகிறவள். விடியுமுன் மகனை எழுப்பி எட்டயபுரம் ரோட்டில் நடத்துவாள். அவள் முன்னால், அவன் பின்னால். போக மூன்று மைல், வர மூன்று மைல். அப்புறம் ஒரு செம்பு கம்மங்கூழ். மறு செம்பு கிடையாது. கிறிஸ்மஸ் வந்தது, ஒரு முறுக்கு தரவில்லை. பொங்கலுக்குத் தெருவே கரும்பு கடித்தது. அவன் வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தானாம்.

பெற்ற பிள்ளையைப் பட்டாளத்துக்கு அனுப்ப ஒரு தாய்க்கு இவ்வளவு துடிப்பா என்று வேல்சாமி வீட்டில் சொல்லிக் குறைப்பட்டிருக்கிறார். அவருக்கும் இரண்டு பையன்கள்.

தண்டு ஆடியது. நிற்கவில்லை.

பையன் கண்ணை மூடிக்கொண்டான். விலா எலும்பு ஒவ்வொன்றும் மேலும் கீழும் போய்வந்தது. ஆறு வாரம் முன்னால் அந்த இடத்தில் மடிப்பு மடிப்பாகச் சதை இருந்தது.

வேல்சாமிக்கு மனசு கேட்கவில்லை. தண்டின் நுனியில் ஆள்காட்டி விரலை லேசாக வைத்தார்.

"வெரல எடுங்க அண்ணாச்சி. பெங்களூர்ல ஒங்க வெரலு வராது."

எடுத்தார். காது சுட்டது.

தண்டு தானாக ஆடி, தானாக அடங்கி, சமமாக நின்றது.

ஐம்பத்தேழரை.

வேல்சாமி இரண்டு தரம் குனிந்து பார்த்தார். இருபது வருஷமாக அந்தத் தராசோடு கிடக்கிறவருக்கு அன்றைக்கு அதைத் தொடவே கை கூசியது. எண்ணைச் சொன்னார். பையன் கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்தான்.

"சட்டையப் போடு," என்றாள் அவள்.

வழிக்கு இரண்டு கொய்யாப்பழமும் ஒரு கூஜா தண்ணீரும் கொடுத்தாள். வண்டி வந்தது. நெற்றியில் சிலுவை போட்டுவிட்டாள். கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கு மறைகிறவரை பிளாட்பாரத்தில் நின்றாள்.

பிறகு வீட்டுக்குப் போகாமல் பார்சல் ஆபீசுக்குத் திரும்பி வந்து, நாலாக மடித்த ஒரு சீட்டை மேஜைமேல் வைத்தாள்.

ரயில்வே சீட்டுத்தான். அஸ்ஸாம் தேஜ்பூரிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டி வந்திருப்பதாகவும், பெறுநர் மிக்கேலம்மாள் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் வேல்சாமியின் கையெழுத்திலேயே இருந்தது. தேதி போட்டு ஒரு மாதத்துக்கு மேலாகியிருந்தது. இத்தனை நாளில் இந்த அம்மாவின் பெயரைக் கேட்டதே இல்லை என்பது வேல்சாமிக்கு அப்போதுதான் உறைத்தது.

உள்ளே போனார். சுவரோரம் கறுப்புப் பெட்டி. மூடிமேல் வெள்ளைப் பெயின்டில் ஒரு நம்பர். கீழே, சிப்பாய் அருளப்பன்.

"மூத்தவன்," என்றாள் அவள். "சீனாக்காரன் சண்டையில போயிட்டான். பெட்டி வீட்டுக்கு வந்தா சின்னவன் ஒடஞ்சிருவான்னு எடுக்காம இருந்தேன்."

"தெரிஞ்சுமா இவனையும் அனுப்புதீங்க?" என்று கேட்டுவிட்டார் வேல்சாமி.

அவள் பெட்டி மூடியின் தூசியைத் தலைப்பால் துடைத்தாள்.

"அனுப்பக் கூடாதுன்னுதான் இருந்தேன் அண்ணாச்சி. அண்ணன் போன எடத்துக்கு நானும் போவேன்னு நின்னான். பட்டாளத்துல எடுத்துரக் கூடாதுன்னு, ஒரு வருஷம் கடலையும் கருப்பட்டியும் சோறுமா நான்தான் அவன் ஒடம்ப ஏத்துனேன். அவனுக்குத் தெரியாது. பெங்களூர்லேருந்து வந்து, எங்கிட்டயே தலையக் கவுந்துக்கிட்டு மன்னிப்புக் கேட்டான். அதத் தாங்க முடியல."

புடவைத் தலைப்பைச் சும்மாடாகச் சுற்றித் தலையில் வைத்தாள்.

"நான் ஏத்துனத நான்தான எறக்கணும். ஒரு கை பிடிங்க."

வேல்சாமி குனிந்து பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தார்.