கரண்டி அறை

அருங்காட்சியகத்தில் டிக்கெட் இலவசம் என்றபோதே ஜெசிந்தாவுக்கு உறுத்தியது. வடிவமைப்புக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு மதியம் பிரியாணி வேறு போடுகிறார்களாம். யாராவது சும்மா போடுவார்களா?

வாசலிலேயே ஆளுக்கொரு கண்ணாடியை மாட்டிவிட்டார்கள். போட்டிருப்பவர் எதையெல்லாம் பார்க்கிறார் என்று அது பதிவு செய்துகொள்ளும். பார்த்த பொருளின் சாயலில் பிற்பாடு அவர் எதைச் செய்தாலும் அது அருங்காட்சியகத்துக்குச் சொந்தம். சட்டம் அப்படி.

நாற்காலி, குடை, தையல் மெஷின் எல்லாவற்றையும் ஜெசிந்தா ஆற அமரப் பார்த்தாள். அவற்றால் அவளுக்கு நஷ்டமில்லை. 'கை நடுங்குபவர்களுக்கான கரண்டிகள்' என்ற பலகை தெரிந்ததும் கண்களை இறுக மூடி, தோழி ஃபர்சானாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னடி ஆச்சு?"

"தலை சுத்துது. இந்த ரூமைத் தாண்டுற வரைக்கும் கூட்டிட்டுப் போ."

அம்மாவுக்காக ஒரு வருடமாகச் செதுக்கிவரும் கரண்டியைப் பற்றி அவள் ஃபர்சானாவிடம்கூடச் சொன்னதில்லை. யாரை நம்புவது?

வெளியே வரும்போது, தப்பித்துவிட்டோம் என்றுதான் நினைத்தாள். கண்ணாடிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டிருந்த பெண் அவளுடையதை மட்டும் கீழே வைக்கவில்லை. திரையை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"எல்லா ரூமையும் நல்லா பாத்திருக்கீங்க. அந்த ஒண்ணுல மட்டும் கண்ணையே தொறக்கலையே."

ஜெசிந்தா வாசல் பக்கம் திரும்பினாள்.

"வீட்ல யாருக்கும்மா கை நடுங்குது?" என்று அந்தப் பெண் பரிவாகக் கேட்டாள். "அம்மாவுக்கா?"