எதிர்க்கடைப் பலகை

எதிர்க்கடை ரசாக் மெமரி கார்டு விலையைக் குறைத்து எழுதும்போதெல்லாம் தேவசகாயமும் தன் பலகையை அழித்து இன்னும் குறைத்து எழுதினார். வாங்கிய விலைக்கும் கீழே இறங்கியாகிவிட்டது. இருவருக்கும் இன்னும் போணியாகவில்லை. மதியம் ஒரு பெண் புதிய போனை நீட்டினாள்.

"அண்ணே, ஒரு கார்டு போட்டுத் தாங்க."

தேவசகாயம் ஆவலோடு ஊசியால் குத்திப் போனின் தட்டை வெளியே எடுத்தார். அதில் சிம்முக்கு மட்டுமே இடமிருந்தது.

"இதுல கார்டு போட முடியாதும்மா. எல்லாம் உள்ளயே இருக்கு. இப்ப வர்றதெல்லாம் இப்படித்தான்."

ஊசியோடு நிமிர்ந்தவர் எதிரே பார்த்தார். தேவசகாயம் ஒரு கார்டை விற்றுவிட்டதாக நினைத்து, ரசாக் ஈரத்துணியால் அவசர அவசரமாகப் பலகையை அழித்துக்கொண்டிருந்தார்.

"யோவ், நிறுத்துய்யா!" என்று கத்த வாயெடுத்தார் தேவசகாயம். அதற்குள் ரசாக் புது விலையை எழுதிவிட்டார்.

தேவசகாயத்தின் கை தன் பலகையை அழிக்கும் துணியைத் தேடியது.