பன்னிரண்டு மணிக்குள் ஒரு பெயர்

முதலாளி பரமசிவம் கைபேசியை என் மேசையில் வைத்து, அந்தப் பதிவை மூன்றாம் முறையாக ஓடவிட்டார்.

"லாரில பிரேக் சரியா பிடிக்கல. பட்டறைக்கு அனுப்புங்க. ஏதாச்சும் ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

நான் எழுதிய செயலிக்கு வந்த முதல் புகார்! கட்டுமான ஊழியர்கள் அவரவர் மொழியிலேயே பேசி அனுப்பலாம். பெயர் பதிவாகாது, குரலும் மாறிவிடும். இங்கே தேறினால் அடுத்த மாதம் எங்கள் திருச்சி, டாக்கா கிளைகளுக்கும் போகும். எனக்கு நாற்காலியில் உட்காரவே முடியவில்லை.

அவருக்கோ ஆள் வேண்டும்.

"யாருன்னு தெரியட்டும். வேலை பர்மிட் கேன்சல், அடுத்த ஃப்ளைட்ல ஊருக்கு!"

பக்கத்தில் நின்ற சூப்பர்வைசர் ஆம்ப்ரோஸ் பக்கம் திரும்பினார். "நீதானே தினமும் இவங்களோட லாரில வர்ற? சொல்லு லா."

"பிடிபடல பாஸ்."

முதலாளி அதே பதிவை ஊழியர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். பன்னிரண்டு மணிக்குள் பெயர் வர வேண்டும், இல்லாவிட்டால் எல்லோருக்கும் ஞாயிறு விடுமுறை ரத்து.

பதினொன்றரைக்கு என் செயலி ஒலித்தது.

லாரில பிரேக் சரியா பிடிக்கல.

மறுபடி ஒலித்தது. அதே வார்த்தைகள், பேசும் தோரணை மட்டும் வேறு.

அப்புறம் நிற்கவே இல்லை. ஒருவர் துளைக்கருவியின் இரைச்சலுக்கு மேல் கத்தினார். ஒருவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசினார். பங்களாதேஷ் ஊழியர் ஒருவர் ஒவ்வொரு தமிழ்ச் சொல்லாக உருட்டி உருட்டிச் சொல்லி முடித்தார்.

கிராஞ்சி தொழிலாளர் விடுதியில் தங்கும் எங்கள் ஊழியர்கள் இருபத்திரண்டு பேர். இருபத்திரண்டு பதிவுகளும் வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டு ஆகவில்லை.

முதலாளி கைபேசியைக் கவிழ்த்து வைத்தார்.

"எல்லாரையும் அனுப்பிட்டு நான் போய் சிமெண்ட் கலக்கவா? லாரிய பட்டறைக்கு அனுப்புப்பா, ஆம்ப்ரோஸ்."

முதலாளி ஏறிய மின்தூக்கியின் கதவு மூடியதும் ஆம்ப்ரோஸ் அண்ணன் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"முதல்ல வந்தது என்னோடது, இனியா. எனக்கும் பர்மிட்தானே. ஒருத்தன்கிட்டயும் மூச்சு விடல. ஆனாலும் அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

"குரலைத்தான் மாத்திட்டேனே அண்ணே! அவங்க எப்படிக் கண்டுபிடிச்சாங்க?"

"பத்து வருஷமா தினமும் என்கிட்ட ஏச்சு வாங்குற பசங்கம்மா," என்றார்.