மேகம் மூடிய பதினோரு நாட்கள்

துறை அறையில் மின்விசிறிக்கு நேர்கீழே நெறியாளர் பரமேஸ்வரனும், சன்னலோரம் எழுத்தர் ரெஜினாவும், கதவடி முக்காலியில் ஆய்வு மாணவி செண்பகவடிவும் உட்கார்ந்திருந்தார்கள். ஓராண்டாகத் தினமும் சூரியப் புள்ளிகளைப் பார்த்து அவள் வரைந்த வட்டங்களில் பதினொன்று வெறுமையாக இருந்தன.

“அன்னைக்கெல்லாம் மேகம், சார்.”

“மேகத்துக்கா பட்டம் குடுப்பாங்க? முந்தின நாளையும் மறுநாளையும் பாத்து நடுவுல புள்ளி வைம்மா. சூரியன் வந்து சாட்சி சொல்லப்போகுதா?”

பட்டமில்லாமல் ஊர் திரும்ப முடியாது. வைத்தாள். பதினோரு வட்டங்களும் நிறைந்தன.

“நீ பாத்து வரைஞ்சதவிட இதுதாம்மா அழகா வந்திருக்கு!” என்றார்.

‘யாவும் என் கண்ணால் கண்டவை’ என்று, வரைபடங்களோடு சூரிய ஆய்வு மையத்துக்கு அனுப்ப எழுதிய கடிதத்தில் செண்பகவடிவு கையெழுத்திட்டாள். ரெஜினா உறையை ஒட்டி, அழுத்தித் தேய்த்து, தபால் பைக்குள் போட்டாள்.