நீலத் தார்ப்பாயின் கீழே

பிலிப்பைன்ஸின் பத்தாங்காஸில் மரிஸாவின் வீட்டு முற்றம். மகள் லிவாய்க்கு இன்று மூன்று வயது. பிற்பகல் வெயில் நீலத் தார்ப்பாய் வழியே இறங்கி எல்லார் முகத்தையும் நீலமாக்கியிருக்கிறது. தாய்மாமன் கரவோக்கேயில் உச்சத்தில் பாடிக்கொண்டிருக்கிறார். நீண்ட ஆயுளுக்கென்று சமைத்த பன்சித் நூடுல்ஸிலிருந்து ஒரு காடை முட்டையை எடுத்து வாயில் போட்ட லிவாய், சட்டென்று எழுந்து நிற்கிறாள். இரு கைகளும் கழுத்தைப் பிடித்திருக்கின்றன. இருமலும் இல்லை, அழுகையும் இல்லை. உதடு நிறம் மாறுவது அந்த நீல வெளிச்சத்தில் யாருக்கும் தெரியவில்லை. வேலியோரம் தனியாக உட்கார்ந்திருக்கும் எதல் மட்டும் அந்தக் கைகளைப் பார்க்கிறாள். அவள் மரிஸாவின் மூத்த நாத்தனார். இருவருக்கும் ஓராண்டாகப் பேச்சில்லை. நாற்காலி கவிழ எதல் ஓடிவந்து, குழந்தையைத் தூக்கித் தன் தொடைமேல் குப்புறப் போடுகிறாள்.

"என் பிள்ளைய என்னடி பண்றே?" மரிஸா அலறுகிறாள்.

"தண்ணி குடுங்க, தண்ணி!" என்கிறார் மாமன்.

"வேண்டாம்! யாரும் கிட்ட வராதீங்க!" என்கிறாள் எதல்.

எதலின் உள்ளங்கை குழந்தையின் முதுகில் ஓங்கி அறைகிறது. ஒன்று. இரண்டு. மூன்று. பாடுவாரில்லாமல் இசை மட்டும் ஓடுகிறது. நான்கு. ஐந்தாவது அடியில் முட்டை வெளியே தெறித்து சிமெண்டுத் தரையில் உருள்கிறது. பிறகு லிவாய் வீறிட்டு அழுகிறாள்.

அந்த அழுகையை யாரும் அடக்கவில்லை. மண்டியிட்டிருக்கும் மரிஸா, குழந்தையை வாங்க நீட்டிய கையை எதலின் முழங்காலில் வைக்கிறாள்.

"நீங்க இன்னும் சாப்பிடவே இல்லையே, அண்ணி."