முதல் உரிமம்

குத்துச்சண்டைச் சங்கத்தில் விண்ணப்பத்தை நீட்டினான்.

"காசுக்கு ஆடப்போற முதல் சண்டை, சார். ஏதாவது புத்தி சொல்லுங்க."

"முதல்ல தலைக்கு ஸ்கேன் எடுக்கணும். மேனேஜர் நீட்டுற தாளைப் படிக்காம கையெழுத்துப் போடக் கூடாது. அடிபட்டா மறைக்கக் கூடாது," என்று ஒப்பித்தார் கிளார்க்.

"நான் போட்டோ கொண்டு வரலையே, சார்?"

"இங்கேயே இருக்கு."

கோப்பைத் திறந்தார். அவன் கையெழுத்திலேயே நாற்பது விண்ணப்பங்கள். அடியில் ஒரு பழுப்பேறிய தாள்: 'ஐம்பத்திரண்டு சண்டைகள். மூளையில் காயம். உரிமம் நிரந்தர ரத்து.'

அவன் கோப்பைத் தள்ளிவிட்டான். "எவனோ என் கையெழுத்தைப் போட்டு ஏமாத்தியிருக்கான், சார்!"

பின்னாலிருந்து ஒரு கை தோளைத் தொட்டது. திரும்பினான். தலை நரைத்த பெண்.

"வாங்க அப்பா, வீட்டுக்குப் போகலாம்."

"எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலைங்க," என்றான் மிரண்டுபோய்.