பிரித்து வைத்த செருப்பு

மகள் முதல் சம்பளத்தில் வாங்கித் தந்த செருப்பு தொலைந்துவிடக் கூடாதே என்று, கலியாணசுந்தரம் ஒன்றைக் கோவில் வாசலிலும் மற்றொன்றைத் தேரடியிலும் விட்டார். ஒற்றைச் செருப்பை எவன் திருடுவான்?

கும்பிட்டுத் திரும்பினால், வாசலில் விட்டதைக் காணோம். பதறிப்போய்த் தேரடிக்கு ஓடினார்.

அங்கே இரண்டும் ஜோடியாக இருந்தன. பக்கத்தில் ஓர் இளைஞன் வெறுங்காலோடு நின்றான்.

"உங்களுதாண்ணா? ஒண்ணை நாய் இங்க இழுத்துக்கினு வந்துட்டுது போல. வாசல்ல இருந்ததைக் கொண்டாந்து ஜோடி சேத்தேன். தேடிக்கினு வருவீங்களேன்னு நின்னுக்கினு இருக்கேன்."

"நல்லா இருப்பா! உன் செருப்பு எங்க?"

"வாசல்லதான் வுட்டேன். கோயில்ல யாருண்ணா எடுக்கப் போறாங்க?"

வாசலில் ஒரு செருப்புகூட இல்லாததைப் பார்த்துவிட்டு வந்த கலியாணசுந்தரம், அவன் தோளில் கைபோட்டார். "வா தம்பி, செருப்புக் கடைக்குப் போலாம்."

"ஏண்ணா, இதுவே புதுசாத்தானே இருக்குது?"